‘செம்மண் சாலை’ ஏன் நம்மைத் தாண்டிப் போனது?

அடுத்த மாதம் எங்கள் டவுன் அரங்கில் ‘செம்மண் சாலை’ மறுபடி ஓடப் போகிறது. தீபக் குமரன் மேனன் இயக்கி 2005இல் வந்த மலேசியத் தமிழ்ப்படம் அது. 1960களில் ஒரு ரப்பர் தோட்டம், அங்கே ரப்பர் மரத்தில் பால் வெட்டிப் பிழைக்கும் ஒரு குடும்பம், அந்த வீட்டில் பல்கலைக்கழகம் வரை போய்ப் படிக்க ஆசைப்படும் சாந்தா என்ற பெண். கதை இவ்வளவுதான். வந்த வருடமே பிரான்சில் நாந்த் நகரத்தில் நடக்கும் மூன்று கண்டங்கள் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்பு விருதை வாங்கியது. ஆனால் பேராக்கில் தெலுக் இந்தானுக்கும் பீடோருக்கும் நடுவில், சுற்றிலும் பழைய தோட்டங்களாகவே இருக்கும் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பத்துப் பேரை நிறுத்திக் கேட்டால் இப்படி ஒரு படம் இருப்பது தெரிந்தவர் ஒருவரோ இருவரோதான். தோட்டத்துக் கதை ஒன்று பிரான்சு வரைக்கும் போய்ச் சேர்ந்து, தோட்டத்துச் சனங்களிடம் மட்டும் வராமல் போனது எப்படி என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த அரங்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய நிறுவனங்களின் கிளை இல்லை அது. கடைவீட்டு மாடியில் ஒரு குடும்பம் நடத்துகிறது, நூறு பேருக்குள்தான் உட்கார முடியும். வார இறுதியில் தமிழ்நாட்டுப் புதுப்படம், மற்ற நாளில் பள்ளி நிகழ்ச்சி, சங்கக் கூட்டம், எப்போதாவது இப்படி ஒரு பழைய படம். ஒரு காலத்தில் இங்கே தனித் தியேட்டரே இருந்தது. 1980களில் வீடியோ கேசட் வந்தது, 1985–86இல் பொருளாதாரம் சரிந்தது, நாடு முழுக்கச் சின்ன ஊர்த் தியேட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. சில கட்டடங்கள் மேசை நாற்காலிக் கடையாகின, சில சூப்பர்மார்க்கெட்டாகின, சிலவற்றில் ஜன்னலை அடைத்துவிட்டு, உணவுக்கு விற்கும் பறவைக்கூட்டு வியாபாரம் நடக்கிறது. மிச்சம் இருந்தவர்களைப் பெருந்தொற்று பார்த்துக்கொண்டது. 2020 அக்டோபரில் எம்பிஓ மாதிரி நாடெங்கும் கிளை வைத்திருந்த நிறுவனமே மூடுவதாக அறிவித்தது. அதையும் தாண்டி ஒரு மாடி அரங்கு நிற்கிறது என்றால் அதை நடத்துபவர்களின் பிடிவாதம்தான் காரணம், வேறொன்றுமில்லை.

இதே படத்தை இதே இடத்தில் சில வருடங்களுக்கு முன் ஒரு வார நாள் இரவில் போட்டார்கள். முன் வரிசைகள்கூட நிறையவில்லை. டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த தம்பி, “யாருண்ணே இதெல்லாம் பாக்க வரப்போறா, நம்ம ஆளுங்களுக்கு பழைய கஷ்டத்தப் பாக்க பிடிக்காது” என்றார். இந்தப் பேச்சை நிறையப் பேரிடம் கேட்டாயிற்று. படம் மெதுவாகப் போகிறது, பாட்டு சண்டை கிடையாது, அதனால்தான் ஓடவில்லை என்பது இன்னொரு பேச்சு. இரண்டையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிடிக்கவில்லை என்று சொல்வதற்குக்கூட முதலில் கண்ணில் பட வேண்டும். இந்தப் படம் நம் கண்ணில் படுவதற்கான வழியே அப்போது இல்லை.

தோட்டத்துச் சனங்களுக்குப் படம் பார்க்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கம்யூனிஸ்டுகளை எதிர்த்து அவசரகாலச் சட்டம் இருந்த 1948 முதல் 1960 வரையிலான காலத்திலேயே தகவல் இலாகாவின் வேன்கள் தோட்டத் திடலுக்கு வந்து வெள்ளைத் துணியைக் கட்டிப் படம் காட்டின. 1946இல் தொடங்கப்பட்ட மலாயா ஃபிலிம் யூனிட் எடுத்த செய்திப்படங்கள்தான் முக்கால்வாசி: கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொடுக்காதே, கொசுவை ஒழி, ஒழுங்காக வேலைக்குப் போ. அப்புறம் சம்பளம் போட்ட வாரத்தில் எம்.ஜி.ஆர். படம், சிவாஜி படம். பாயைச் சுருட்டிக்கொண்டு குடும்பத்தோடு திடலுக்குப் போய் இடம் பிடிப்பார்கள் என்று எங்கம்மா சொல்வார். ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த கிழவிகூட வசனத்தை ஒப்பிக்குமாம். ஆக, திரையில் அரசாங்கம் சொன்ன புத்திமதியையும் பார்த்தார்கள், மதுரை வீரனையும் பார்த்தார்கள். விடிகாலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்கும் அம்மாவையும், சம்பளப் பட்டியலை நீட்டும் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியையும், லயம் என்ற வரிசை வீட்டின் அடுப்படியையும் நம் பாஷையில் நாமே எடுத்த முழுநீளப் படத்தில் பார்க்கும் வாய்ப்புத்தான் கிடைக்கவில்லை.

சரி, 2005இல் என்ன நடந்தது? அந்தச் சமயம் இந்த நாட்டில் ஒரு சின்னக் கூட்டம் டிஜிட்டல் வீடியோ கேமராவைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்கத் தொடங்கியிருந்தது. 2000இல் அமிர் முகமட் ‘லிப்ஸ் டு லிப்ஸ்’ எடுத்ததிலிருந்து அந்த அலை என்று சொல்லலாம்; அப்புறம் ஜேம்ஸ் லீ, தான் சுய் முய், ஹோ யுஹாங் என்று வரிசையாக வந்தார்கள். பெரிய முதலாளி வேண்டாம், ஸ்டூடியோ வேண்டாம், ஃபிலிம் சுருள் வாங்கும் செலவு இல்லை. தமிழில் ஒரு தோட்டத்துக் கதையைப் பணம் போட்டு எடுக்க எந்த முதலாளியும் முன்வராத நாட்டில், இந்த மலிவான கேமராதான் ‘செம்மண் சாலை’ போன்ற ஒரு படத்தைச் சாத்தியமாக்கியது. அதைச் சாத்தியமாக்கிய அதே தொழில்நுட்பம்தான் அதை ஊர்த் தியேட்டருக்கு வரவிடாமலும் தடுத்தது. ஏனென்றால் 2005இல் சின்ன ஊர்த் தியேட்டர்களில் இருந்தது 35 மி.மீ. புரொஜெக்டர். டிஜிட்டலில் எடுத்ததை அதில் ஓட்ட வேண்டுமென்றால் ஃபிலிமுக்கு மாற்றி பிரிண்ட் போட வேண்டும். 90 நிமிடப் படம் என்றால் ஏறத்தாழ 2,460 மீட்டர் ஃபிலிம், ஒவ்வொன்றும் இருபது நிமிடம் வரை ஓடும் ஐந்து பெட்டிகள். இது ஒரு பிரிண்டுக்கு மட்டும். பத்து ஊரில் ஒரே நேரத்தில் போட வேண்டுமென்றால் பத்து பிரிண்ட். படம் எடுத்த செலவை பிரிண்ட் செலவு விழுங்கிவிடும். வெளிநாட்டு விழாக்களிலும் கோலாலம்பூரில் ஓரிரு இடங்களிலும் வீடியோவாகவே காட்டும் வசதி இருந்தது, படம் அங்கே போனது. தெலுக் இந்தானுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் லாபிஸுக்கும் அந்த வசதி வர இன்னும் பல வருடம் ஆனது. அது வந்தபோது படம் பழசாகிவிட்டது.

இரண்டாவது காரணம் மொழி. பல வருடங்களாக இந்த நாட்டில் ஒரு படத்தை ‘மலேசியப் படம்’ என்று ஏற்றுக்கொண்டு கேளிக்கை வரியில் சலுகை தர வேண்டுமென்றால் வசனத்தில் பெரும்பகுதி மலாயில் இருந்தாக வேண்டும் என்ற விதி இருந்தது. உள்ளூர்ப் படங்களை அரங்குகள் குறைந்தது 14 நாள் ஓட்டியாக வேண்டும் என்ற கட்டாயத் திரையீட்டுத் திட்டம் வந்ததும் 2005ஐ ஒட்டித்தான். ஆனால் அந்தத் திட்டத்தில் நுழைய படத்துக்கு பிரிண்ட் வேண்டும், விளம்பரம் வேண்டும், பின்னால் நிற்க ஒரு விநியோகஸ்தர் வேண்டும். கையில் ஒரு வீடியோ டேப்பை மட்டும் வைத்திருக்கும் தமிழ்ப்படத்துக்கு அந்தக் கதவு எட்டாத உயரத்தில் இருந்தது. மொழிக் கணக்கு எவ்வளவு ஆழமாக ஊறிப்போனது என்பதற்கு 2016ஐப் பார்த்தாலே போதும். 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் மலாய்ப் படங்களுக்கு ஒரு சிறந்த படம் விருது, மற்ற மொழிப் படங்களுக்குத் தனியாக இன்னொன்று என்று பிரித்தார்கள். ஒளிப்பதிவாளர் முகமட் நூர் காசிம் தான் முன்பு வாங்கிய விருதுகளைத் திருப்பிக் கொடுத்தார், திரைத்துறையே கொதித்தது, பிரிவை எடுத்தார்கள். எடுத்த கையோடு அந்த வருடத்தின் சிறந்த மலேசியப் படம் விருதை வாங்கியது சஞ்சய் குமார் பெருமாளின் தமிழ்ப்படமான ‘ஜகாட்’. அந்த வழக்கு அப்படித் தீர நமக்கு 2016 வரை ஆனது என்றால், அதற்குப் பதினோரு வருடம் முன்னால் வந்த படம் எந்தக் காற்றில் நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது காரணத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. 2005இல் அந்தப் படத்தின் உண்மையான பார்வையாளர்கள் ஒரு இடத்தில் இல்லை. 1970களிலிருந்தே ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு ரப்பர் அளவுக்கு ஆள் தேவையில்லை. அப்புறம் 80களிலும் 90களிலும் தோட்டங்களே வீடமைப்புத் திட்டமாகவும் தொழிற்பேட்டையாகவும் கோல்ஃப் மைதானமாகவும் மாறின. புத்ராஜெயா நிற்கும் மண் பிராங் பெசார், காலோவே, மேடிங்லி, செட்ஜ்லி என்ற தோட்டங்களின் மண். அங்கிருந்தவர்களை டிங்கிலில் அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். இப்படி நாடு முழுக்க லட்சக்கணக்கானோர் லயத்தைவிட்டு வெளியேறி, புறம்போக்குக் குடிசைக்கும் மலிவு விலை ஃபிளாட்டுக்கும் ஒற்றை அறை வாடகைக்கும் சிதறினார்கள். தோட்டம் என்றால் கோயில், பள்ளி, கள்ளுக்கடை, திடல் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு முழு ஊர். ஒருவர் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்னால் மறுநாள் பெரட்டில் எல்லோருக்கும் தெரியும். ஃபிளாட்டில் பக்கத்து வீட்டுக்காரர் யாரென்றே தெரியாது. வாய்வழியாகப் பரவ வேண்டிய ஒரு சின்னப் படத்துக்கு அந்த வாய்களே கலைந்து போயிருந்தன.

படம் எந்தக் காலத்தைப் பேசுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரியாமல் படத்தைப் பார்த்தால், ஒரு பொண்ணு படிக்கணும்னு சொல்றா, இதுல என்ன பெரிய விஷயம் என்று தோன்றிவிடும்.

1969 வரைக்கும் மலாயாவில் பல்கலைக்கழகம் என்றால் ஒன்றே ஒன்றுதான். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம், 1962இல் தனிப் பல்கலைக்கழகமானது. பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகம் வந்தது 1969இல், தேசியப் பல்கலைக்கழகம் 1970இல். ஆக, அந்தக் காலத்து ஒரு பெண் பல்கலைக்கழகம் போக வேண்டும் என்று நினைத்தால் நாட்டிலேயே ஒரு வாசல்தான். அந்த வாசல் வரைக்கும் தோட்டத்திலிருந்து எப்படிப் போவது? 1923 தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் முதலாளி பள்ளி வைத்துத் தர வேண்டும் என்றது. வைத்தார்கள். பல இடங்களில் அது ஒற்றைக் கொட்டகை, ஒரே ஆசிரியர், ஆறு வகுப்பும் ஒரே அறையில். அந்த ஆறாம் வகுப்போடு தோட்டத்துக் கல்வி முடிந்தது. தமிழில் இடைநிலைப் பள்ளி கிடையாது. டவுனில் ஆங்கிலப் பள்ளிக்குப் போக வேண்டும், அதற்கு முன் ஒரு வருடம் புகுமுக வகுப்பு. 1964 வரைக்கும் இடைநிலைப் பள்ளிக்குள் நுழையவே ஒரு தேர்வு இருந்தது. அதில் விழுந்த பிள்ளை மறுநாள் அம்மாவோடு பால்மரக் காட்டுக்கு வேலைக்குப் போனது. 1965லிருந்து அந்தத் தேர்வு எடுக்கப்பட்டு எல்லோரும் இடைநிலையின் முதல் வகுப்பான ஃபாரம் ஒன்றுக்குப் போகலாம் என்றானது. இது எவ்வளவு பெரிய திறப்பு என்பது அந்தத் தலைமுறைக்கு மட்டுமே தெரியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு வருடம் தமிழ்ப்பள்ளி, ஒரு வருடம் புகுமுக வகுப்பு, ஐந்து வருடம் இடைநிலை, அப்புறம் இரண்டு வருடம் ஆறாம் படிவம். மொத்தம் பதினான்கு வருடம், அதற்குப் பிறகுதான் பல்கலைக்கழகம். கடைசி எட்டு வருடமும் வேறு மொழியில். தினமும் செம்மண் சாலையில் நடந்து மெயின் ரோட்டுக்கு வந்து பஸ் பிடிக்க வேண்டும். மழை பெய்தால் வெள்ளைக் காலணி சிவப்பாகிவிடும், தாமதமாகப் போனால் வாத்தியாரிடம் பிரம்படி. ஆறாம் படிவம் எல்லா டவுனிலும் இருக்காது, பெரிய ஊரில் யாராவது சொந்தக்காரர் வீட்டில் தங்க வேண்டும். வயதுக்கு வந்த பெண்ணை வெளியூரில் விடுவதா என்று சித்தப்பன், பெரியப்பன், பக்கத்து லயத்துக்காரி எல்லோரும் பேசுவார்கள்.

ஆசைக்கு எதிரில் நின்ற பணக்கணக்கு இன்னும் கொடுமையானது. பால்மரம் வெட்டுவது விடியலுக்கு முன் தொடங்கும் வேலை. குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் நின்றுவிடும். ஒருவருக்கு 400, 500 மரம். மரத்துக்கு மரம் குனிந்து, முந்திய வெட்டில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலை உருவிப் பட்டையைச் சீவி, பால் பிடிக்கும் மங்கு என்ற கிண்ணத்தைத் திருப்பி வைத்து, அப்புறம் திரும்பி வந்து பாலைச் சேர்த்து, காண்டா என்ற தோள்கம்பில் இரண்டு பக்கமும் வாளியைத் தொங்கவிட்டு ஸ்டோருக்குச் சுமக்க வேண்டும். மழை வந்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் சம்பளம் இல்லை. போதாததற்குச் செயற்கை ரப்பர் உலகச் சந்தையில் நுழைந்து 60கள் முழுக்க விலையை இழுத்துக்கொண்டே வந்தது. இதில் வளர்ந்த பெண் என்பவள் ஒரு வெட்டு ஆள். ஒட்டுப்பால் பொறுக்கி, தம்பி தங்கையைப் பார்த்து, சோறாக்கி, வயது வந்ததும் தனக்கென்று ஒரு நெரை, அதாவது மர வரிசை, வாங்கி வெட்ட வேண்டியவள். அவளைப் பள்ளிக்கு அனுப்பினால் செலவு ஒரு பக்கம், வராத வருமானம் இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே வீட்டு உலையில்தான் தெரியும். சாந்தாவின் ஆசை அந்த வீட்டுக்குள் ஏன் அவ்வளவு கனமான பேச்சாகிறது என்பது இந்தக் கணக்குத் தெரிந்தால் புரியும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அந்தப் பத்து வருடமும் காலடி மண் ஆடிக்கொண்டிருந்த காலம். சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். துண்டான தோட்டத்தில் லயமும் பள்ளியும் மருத்துவமும் யார் பொறுப்பு என்று யாருக்கும் தெரியாது. அதைத் தடுக்கத்தான் அன்று அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு 100 வெள்ளி, மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாகப் போய் தொழிலாளர்களிடம் பேசிச் சேர்த்தார்கள், அடுத்த வருடமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். எங்கள் பக்கத்தில் இன்னும் சில வீடுகளில் அந்தப் பங்குப் பத்திரம் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் சங்கம் காப்பாற்ற முடிந்தது கொஞ்சம், கைவிட்டுப் போனது நிறைய.

அதோடு குடியுரிமை. நீல அடையாள அட்டை வைத்திருந்தவர் குடிமகன், சிவப்பு வைத்திருந்தவர் இங்கேயே பிறந்து வளர்ந்திருந்தாலும் அந்நியர். தோட்டத்துக்குள்ளேயே வாழ்க்கை முடிந்த ஆட்களுக்கு எந்தப் பாரத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றது. அதை அமல்படுத்தியபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ரஜுலா கப்பல் ஏறி, தாத்தா காலத்தில் விட்டுவந்த ஊருக்குத் திரும்பின. ஒரே வீட்டில் பாதிப் பேர் போய், பாதிப் பேர் நின்றார்கள். ‘செம்மண் சாலை’யின் காலம் இந்த இடிக்கு முந்திய மணி நேரம். படத்துப் பாத்திரங்களுக்கு வரப்போவது தெரியாது, பார்க்கிற நமக்குத் தெரியும். அதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், மெதுவாக நகர்கிறது என்று சொல்லப்படும் காட்சிகள் மெதுவாகத் தெரியாது என்பது என் அனுபவம்.

படத்தில் எனக்குப் பிடித்தது, அது யாரையும் வில்லனாக்கிக் கணக்கைச் சுலபமாக்காதது. தோட்டத்துக் கதை என்றால் துரையைச் சாட்டையோடு நிறுத்திவிடலாம், கங்காணியை மீசை முறுக்க வைக்கலாம். அப்படிச் செய்தால் கோபம் வரும், கைத்தட்டல் வரும். இங்கே வலி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எல்லோரும் ஒருவரையொருவர் நேசிக்கும் ஒரு வீட்டில், இருக்கிற காசு ஒரு ஆசைக்குத்தான் போதும் என்றால் யாருடைய ஆசையை முன்னால் விடுவது? இந்தக் கேள்வியை நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் ஒரு தடவையாவது சந்தித்திருக்கும், பெரும்பாலும் அதற்கு விலை கொடுத்தது ஒரு அக்காவோ தங்கையோதான். எங்கம்மா ஆறாம் வகுப்போடு நின்றவர், மாமா படித்து கிளார்க் ஆனார். அம்மா அதை ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் என் தங்கைக்கு ஆறாம் படிவத்தில் இடம் கிடைத்தபோது, வீட்டில் யாரையும் கேட்காமல் தாலிக்கொடியை அடகு வைத்து வந்தவர் அவர்தான்.

‘ஜகாட்’டையும் இதையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று நான் எப்போதும் சொல்வேன். அது 90களின் தொடக்கத்தில், தோட்டத்தைவிட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் குடிசைப் பகுதியில் என்ன ஆகின என்பதைப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் வழியாகச் சொல்கிறது. குண்டர் கும்பல், அடிதடி, பையனை அடித்து வழிக்குக் கொண்டுவர நினைக்கும் அப்பா என்று அதற்குள் ஒரு வேகம் இருக்கிறது. 2015 டிசம்பரில் வந்து, பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி ஆட்கள் போய், அடுத்த வருட விருதோடு நிலைத்துவிட்டது. நியாயமான புகழ், எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தப் பையனின் அம்மா வயதில் இருப்பவள் சாந்தா. எதை இழந்ததால் அந்தக் குடிசைப் பகுதி உண்டானது என்று தெரியாமல் குடிசைப் பகுதியை மட்டும் பார்த்தால், இந்தியப் பையன்கள் என்றாலே கும்பல்தான் என்ற வெளியாரின் பேச்சுக்கு நாமும் தலையாட்டிவிடுவோம். முந்திய அத்தியாயம் ‘செம்மண் சாலை’யில் இருக்கிறது. ஒரு சமூகம் தன் பெண் பிள்ளை ஒருத்தியைப் படிக்க வைக்க என்ன பாடுபட்டது என்பது அந்த அத்தியாயம்.

பழைய படத்தைத் திரும்பப் போடுவது பென்டிரைவைச் செருகிப் பொத்தானை அழுத்துகிற வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி வாங்க வேண்டும். 2002 தணிக்கைச் சட்டப்படி பொதுமக்களுக்குக் காட்டும் எந்தப் படத்துக்கும் தணிக்கை வாரியத்தின் ஒப்புதல் இருக்க வேண்டும். அப்புறம் இன்றைய அரங்குக் கருவிகளுக்கு ஏற்ற டிசிபி என்ற வடிவத்தில் படத்தை மாற்ற வேண்டும். இன்று சின்ன அரங்கில்கூட 2048க்கு 1080 புள்ளி. 2000களின் தொடக்கத்தில் இங்கே புழங்கிய வீடியோ கேமராக்களில் பெரும்பாலானவை பதிந்தது 720க்கு 576. அதைப் பெரிய மாலில் இருக்கும் திரையில் விரித்தால் முகங்கள் கரைந்த மாதிரி ஆகிவிடும். அந்த வீடியோ நொடிக்கு 25 படம், சினிமா புரொஜெக்டரின் வழக்கம் 24. கவனிக்காமல் மாற்றினால் குரல் தடிக்கும், படம் நான்கு சதவீதம் நீளும். மாடி அரங்கின் சின்னத் திரை இதற்கெல்லாம் ஒரு வரம் என்பேன். இந்த அளவுத் திரையில்தான் அந்தக் காலத்து டிஜிட்டல் படங்கள் கூர்மையாக நிற்கும். அரங்குக்காரர் இந்த முறை ஒலியையும் தனியாகப் பார்த்துச் சரிசெய்கிறார், போன முறை பின் வரிசைக்கு வசனம் சரியாகக் கேட்கவில்லை என்று புகார் வந்ததால்.

நேரத்தையும் மாற்றச் சொன்னோம். இரவு ஒன்பது மணிக்குப் போட்டால் பார்க்க வேண்டியவர்கள் வர மாட்டார்கள். வெட்டுக்கத்தி பிடித்த கைகள் இன்று எழுபது, எண்பது வயதில் இருக்கின்றன, மாடிப்படி ஏறவே துணை வேண்டும். அதனால் ஞாயிறு மதியம், கோயில் பூசை முடிந்த பிறகு. படியேற முடியாதவர்களைத் தூக்கிக் கொண்டுபோய் உட்கார வைக்க இளைஞர் அணிப் பையன்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். சுற்றியிருக்கும் தமிழ்ப்பள்ளி வாத்தியார்களிடம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பாட்டியோடு அனுப்பும்படி கேட்டிருக்கிறோம், ஆசிரியரோடு கூட்டமாக அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறோம். பாட்டி பக்கத்தில் இருந்தால்தான், ‘ஆயா, இது என்ன மங்கு, எதுக்கு நெத்தியில விளக்கு கட்டியிருக்காங்க’ என்று பிள்ளை கேட்கும். பதிலும் அங்கேயே கிடைக்கும். படம் முடிந்ததும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த வருடம் வெளியேறினீர்கள் என்று பேசுவதைக் கைப்பேசியில் பதிவுசெய்து வைக்கலாம் என்றும் ஒரு யோசனை இருக்கிறது. இங்கிருந்து கலைந்துபோன குடும்பங்கள் கிள்ளானிலும் சிலாயாங்கிலும் ஜொகூரிலும் இருக்கிறார்கள், விஷயத்தை அவர்களுக்கும் சொல்லுங்கள்.

அதே இயக்குநர் 2007இல் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியை வைத்து எடுத்த ‘சலங்கை’யும் எங்கள் ஊருக்கு வந்ததில்லை. அதையும் கேட்டுப் பாருங்கள் என்று அரங்குக்காரரிடம் சொன்னேன். அந்த ஞாயிறு பாதி நாற்காலி நிறைந்தால்கூடக் கேட்கிறேன் என்றார்.